வெளிநாட்டில் ஆறு மாதம் ஆனவர்களுக்கு

வந்த புதிதில் எல்லாமே பிடிக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் பேருந்துக்கு நிற்பதுகூடச் சலிப்பாகிவிடும். நானும் அதைத் தாண்டி வந்தவள்தான். இப்போது அதில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா போய் வந்த தம் நாட்டவர் 200 பேரிடம் விசாரித்து 1955-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் பரவாயில்லை. நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும், வேலையை விடுவது, ஒரேயடியாக ஊர் திரும்புவது போன்ற முடிவுகளை அந்த நாட்களில் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

அடுத்தது, மறுப்புக் கடிதங்கள். வீடு தர மாட்டார்கள், வங்கிக்கடன் கிடைக்காது, படித்த பட்டத்தை ஏற்க மாட்டார்கள். இவற்றில் பலவற்றுக்கு ஒரு காரணம், உங்களைப் பற்றிய பதிவு எதுவும் அந்த நாட்டில் இல்லை என்பதுதான். அதனால் முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பழைய வீட்டுக்காரரிடம் வாடகை ஒழுங்காகக் கட்டியதாக ஒரு கடிதம் கேளுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மனசு ஆறிய பிறகு படிக்கலாம் என்று வைத்தால் அந்த நாள் போய்விடும்.

சரி, நண்பர்கள். இதில்தான் நிறையப் பேர் வீணாக மனம் உடைந்துபோகிறார்கள். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக இடம் மாறியவர்களிடமும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களிடமும் ஆராய்ந்து 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். வேலையிடத்தில் சேர்ந்திருந்த நேரம் நெருக்கத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைப் பார்த்தால், முதல் படிக்கே அரை வருடம் ஆகும்! நாலு மாதத்தில் யாரும் நெருங்கவில்லை என்றால் உங்களிடம் குறை இல்லை, நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒருநாள் விருந்துகளைவிட, அதே ஆட்கள் அதே கிழமையில் கூடும் இடமாகத் தேடுங்கள். பாட்டுக் குழு, பூப்பந்து, மொழி வகுப்பு, எதுவானாலும் சரி. திறமை முக்கியமே இல்லை. போய்க்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

நம்மவர்கள், அந்த நாட்டுக்காரர்கள், நம்மைப்போலவே வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று மூன்று வட்டம் உண்டு. நம்மவர்களிடம் மனசு விட்டுப் பேசலாம். நடைமுறை தெரிய உள்ளூர்க்காரர் வேண்டும். மூன்றாவது வட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் முதல் தோழி கிடைத்தாள். மொழி வகுப்பில் பக்கத்து இருக்கை. எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வீடு இல்லை என்று கடிதம் வந்தது. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு அவள் கடிதத்தை நானும் என் கடிதத்தை அவளும் படித்தோம். பதிலையும் சேர்ந்தே எழுதினோம். அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் நான் தனியாகப் பிரித்ததில்லை.

அதனால் கஷ்டத்தை மறைக்காதீர்கள். "இந்தப் படிவத்தை ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா?" என்று சின்னதாக ஓர் உதவி கேளுங்கள். உதவியவருக்கு நீங்களும் ஏதாவது செய்ய முடியும், வீடு மாறும்போது பெட்டி தூக்கவாவது. வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல் நாற்காலி அடுக்க நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அடுத்த வாரம் எங்கே சந்திக்கலாம் என்ற பேச்சு வரும். வராவிட்டால் நீங்களே எடுங்கள், கிழமையும் நேரமும் சொல்லி.