முதல் மீன் தொட்டி: கழுவிக் கழுவியே மீனைக் கொல்லாமல் இருப்பது எப்படி?

என் முதல் தொட்டியில் எட்டு கப்பி மீன்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வாளியில் விட்டுவிட்டு, தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப்போனேன். கூழாங்கற்களை அரிசி களைவதுபோல நாலு தண்ணீரில் களைந்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை பிழிந்தேன். புதுத் தண்ணீர் ஊற்றியதும் தொட்டி பளிங்குபோல இருந்தது, வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எட்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமைக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

சுத்தம் சோறு போடும் என்று வளர்ந்தவர்கள் நாம். மீன் தொட்டியில் அந்தப் பழக்கம்தான் முதல் எமன். இரண்டாவது எமன், பாசத்தில் அள்ளிப் போடும் தீனி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, கப்பிக்கு ஒரு தொட்டி அமைப்பதை முதலிலிருந்து பார்ப்போம். மோலி, பிளாட்டி மீன்கள் வளர்க்க நினைப்பவர்களுக்கும் இதே முறைதான்.

படி 1: தொட்டி

மேஜைமேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி வாங்குங்கள். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். ஒரு கரண்டி உப்பை டம்ளரில் போட்டால் வாயில் வைக்க முடியாது, குடத்தில் போட்டால் தெரியாது. மீனின் கழிவும் அப்படித்தான். சின்னத் தொட்டிதான் கவனிக்கச் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் தவறு செய்தால் திருத்த அவகாசம் தருவது பெரிய தொட்டிதான்.

நிரப்பிய தொட்டி, கல்லும் கண்ணாடியும் சேர்த்து 70 கிலோவைத் தொடும். ஆடாத மேஜையில், அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை போட்டு வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும்.

படி 2: பம்ப்பும் ஸ்பாஞ்சும்

விலை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்ப்பும் போதும். சென்னை மாதிரி ஊரில் ஹீட்டர் தேவையில்லை, ஊட்டி கொடைக்கானல்காரர்களுக்கு வேண்டும்.

பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு அலமாரியிலோ ஆணியிலோ வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் ஈரம், பம்ப்புக்குள்ளும் தண்ணீர். எனக்கு அப்படி ஒரு பம்ப் போயிற்று.

படி 3: தண்ணீர்

மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. மீனின் செவுளை அரிக்கும். வாளியில் திறந்து வைத்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் போடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். கப்பிக்கும் மோலிக்கும் ஓரளவு கடினத் தண்ணீர் பிடிக்கும்.

பலர் "நல்ல தண்ணியாச்சே" என்று கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றுகிறார்கள். அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் மிகக் குறைவு. நமக்கு நல்லதெல்லாம் கப்பிக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

படி 4: காத்திருப்பு

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி, ஒரே ஆட்டோவில் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். நிறமில்லாத விஷம், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு மிகக் குறைவான நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை தேவையான அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் குழாயடியில் கறுப்பாகப் பிழிந்து ஊற்றினேனே, அந்தக் கசடோடு போனவை இவைதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு பிஎச். பிஎச் 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. சூடு கூடினால் இன்னும் கூடும். போர் தண்ணீரும் மே மாத வெயிலும் சேர்ந்தால் கொஞ்சம் அம்மோனியாவே போதும்.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் அம்மோனியா கிட்டில் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. முதலில் பச்சை காட்டும், பிறகு ஒருநாள் மஞ்சளுக்குத் திரும்பும். நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார்.

நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போட்டால் காத்திருப்பு நன்றாகக் குறையும். வீட்டுக்கு மோர் வாங்கி வந்து பாலை உறை ஊற்றுவது மாதிரி.

படி 5: மீன் வாங்குவது

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் தெரியும், தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள். அங்கே போய் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். முதல் தடவை மூன்று கப்பி, இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. அவ்வளவுதான்.

கடையில் ஜோடி ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒரு ஆண், ஒரு பெண் என்று வாங்கினால் ஆண் நாள் முழுக்க அந்த ஒரே பெண்ணைத் துரத்தி ஓயவிடாது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள். குட்டிகள் வேண்டாமென்றால் ஆண்களை மட்டும். பெண் கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணைப் பிரித்துவிட்டாலும், உடலில் சேமித்த விந்தை வைத்துச் சில மாதங்கள் போட்டுக்கொண்டே இருக்கும்.

"தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லி சக்கர் மீன் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விரல் நீளத்தில் இருக்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். பாசியைக் கொஞ்சம் தின்னும், அதைவிட அதிகமாகக் கழியும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுபவர்களும் உண்டு. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவி, வலை போடுபவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. தங்க மீனையும் கப்பியோடு சேர்க்காதீர்கள். அது கெண்டை இனம், அரையடிக்கு மேல் வளரும், வாயில் அடங்கும் குட்டி எதையும் விழுங்கும்.

படி 6: தொட்டியில் விடுவது

கவரைக் கட்டோடு தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். நாலைந்து முறை ஊற்றியதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

படி 7: தீனி

தினம் ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. கப்பி எப்போது பார்த்தாலும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பசிப்பதுபோல நடிக்கும். நம்பாதீர்கள். பெரிய குருணையை விரல்களுக்கிடையில் தூளாக்கிப் போடுங்கள், அதன் வாய் மேல்நோக்கிய சின்ன வாய். வாரத்தில் ஒருநாள் விரதம் இருக்கட்டும்.

படி 8: வாராவாரம்

தொட்டியை இடத்தைவிட்டு நகர்த்த வேண்டாம், மீனை வெளியே எடுக்க வேண்டாம். டியூபால் அடிக்கசடை உறிஞ்சி, கால்பங்கு தண்ணீரை மட்டும் வாளியில் இறக்குங்கள். மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழியுங்கள். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். பிறகு குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சோப்பும் விம்மும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. வாளியும் மீனுக்கென்று தனியாக ஒன்று.

மீன் சோர்ந்து கிடந்தால் உடனே கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். அம்மோனியாவைச் சோதித்து, தண்ணீரில் கால்பங்கை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி, அதற்கு மருந்து வேண்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போட வேண்டும். மருந்து கொல்வது உடலிலிருந்து உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் பருவத்தைத்தான்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நாலைந்து நாள் போகிறீர்கள் என்றால் வளர்ந்த கப்பிகள் பட்டினி தாங்கும், யாரிடமும் சொல்ல வேண்டாம். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் டப்பாவைக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று அரை டப்பாவை இரண்டே நாளில் காலி செய்தார். ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் மடித்துப் பொட்டலம் கட்டி, தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.