போலீஸ் கோர்ட் என்ற பெயரும் அது தரும் தவறான சித்திரமும்: 19-ஆம் நூற்றாண்டு மான்செஸ்டரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டியவை

19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து நகரம் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுத முற்படுகிறவர்கள், அது வரலாற்றுக் கட்டுரையானாலும் மொழிபெயர்ப்பானாலும் நாவலானாலும், எங்காவது ஓரிடத்தில், மாஜிஸ்திரேட் சில்லறை வழக்குகளை விசாரித்த போலீஸ் கோர்ட்டின் படியேறியே ஆக வேண்டும். அந்தக் காலத்து நாளிதழ்களும் சிறைப் பதிவேடுகளும் வீட்டிலிருந்தபடியே படிக்கக் கிடைப்பதால் இப்படி எழுதுவோரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆனால் கூடவே சில தவறுகளும் ஒருவர் எழுத்திலிருந்து இன்னொருவர் எழுத்துக்குக் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த நீதிமன்றத்தில் வந்து நின்ற ஏழை மக்களை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதையே அவை கெடுத்துவிடுவதால், மான்செஸ்டர் நகரத்தை முன்வைத்து அவற்றை விளக்க விரும்புகிறேன். 1838-இல் நகராட்சியாகி, 1853-இல் மாநகரத் தகுதி பெற்ற அந்தப் பஞ்சாலை நகரத்தில், 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 3 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்.

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. போலீஸ் கோர்ட் என்றதும் காவல்துறை நடத்திய நீதிமன்றம் என்றோ, காவல் நிலையத்தின் பின்கட்டில் நடந்த விசாரணை என்றோ பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'போலீஸ்' என்ற சொல் ஒரு நகரத்தின் ஒழுங்கையும் நிர்வாகத்தையும் குறித்தது. சீருடைக் காவலர் என்ற பொருள் அதற்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. 1792-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் ஏழு 'போலீஸ் அலுவலகங்களை' அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஊதியம் பெறும் மூன்று மாஜிஸ்திரேட்டுகளை நியமித்தபோது, உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் அமைத்த லண்டன் பெருநகரக் காவல்படை பிறக்க இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. அந்த அலுவலகங்களின் மாஜிஸ்திரேட்டுகளிடம் சொந்தமாகக் காவலர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் 1839-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பணியைப் பிரித்தெடுத்து, மாஜிஸ்திரேட்டை விசாரணைக்கு மட்டுமே உரியவராக ஆக்கியது. மான்செஸ்டரிலும் ஊதியம் பெறும் மாஜிஸ்திரேட்டுக்கு வழி செய்த சட்டம் 1813-இலேயே வந்துவிட்டது. புதிய காவல்படை 1839-இல்தான் உருவானது. சென்னையிலும் ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தைப் போலீஸ் கோர்ட் என்றே சொன்னார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தமிழ் வாசகருக்கு இந்தக் குழப்பம் வராது. மொழிபெயர்க்கும்போது 'காவல் நீதிமன்றம்' என்று புதுச் சொல் படைப்பதைக் காட்டிலும் 'போலீஸ் கோர்ட்' என்றோ 'மாஜிஸ்திரேட் நீதிமன்றம்' என்றோ எழுதுவதே நல்லது.

அடுத்த தவறு, லண்டன் ஓல்டு பெய்லி வழக்குகளைப் படித்துவிட்டு, சில்லறைத் திருட்டு முழுவதும் அப்படித்தான் விசாரிக்கப்பட்டது என்று முடிவு கட்டுவது. ஓல்டு பெய்லியின் விசாரணை அறிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சாகி வந்திருப்பதாலும், அவை எளிதாகக் கிடைப்பதாலும், எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. அது ஜூரி அமர்ந்து பெரிய குற்ற வழக்குகளை விசாரித்த மேல்நிலைக் குற்றவியல் நீதிமன்றம். கைக்குட்டையோ ஒரு ஜோடிக் காலணியோ திருடியவரின் வழக்கு, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, பெரும்பாலும் ஜூரியின் கண்ணிலேயே படவில்லை. 1847-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரின் சாதாரணத் திருட்டு வழக்குகளை மாஜிஸ்திரேட்டிடமே முடிக்க அனுமதித்தது; 1850-இல் அந்த வயது வரம்பு 16 ஆனது. 1855-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் பெரியவர்களுக்கும் அதை விரித்தது: திருடிய பொருளின் மதிப்பு 5 ஷில்லிங்குக்கு மேற்படாமல் இருந்து, குற்றம் சாட்டப்பட்டவரும் ஒப்புக்கொண்டால், மாஜிஸ்திரேட்டே தீர்ப்பு வழங்கி மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம்.

இந்த ஒப்புதலைக் குற்ற ஒப்புதலாக வாசிப்பது தவறுக்குள் இன்னொரு தவறு. ஜூரி வேண்டும் என்று கேட்டவர், ஜாமீனுக்கு ஆள் இல்லாவிட்டால், அடுத்த செஷன்ஸ் கூடும்வரை வாரக்கணக்கில் சிறையில் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் தண்டனை இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இங்கேயே தீர்த்துக்கொண்டால் அதிகபட்சம் எவ்வளவு என்பதாவது தெரியும். குற்றமே செய்யாத ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தலையசைத்திருக்க முடியும்.

ரொட்டி திருடியவனைத் தூக்கில் போட்டார்கள் என்று விக்டோரியா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிக்பாக்கெட் குற்றத்துக்கான மரண தண்டனை 1808-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நாடுகடத்தல் என்ற தண்டனை 1857-இல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. கைதிகளை ஏற்றிய கடைசிக் கப்பல் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. போலீஸ் கோர்ட்டுக்கு இந்தத் தண்டனைகளை விதிக்கும் அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை.

அதன் ஆயுதம் அபராதம். இதைத்தான் பலர் மிக லேசாகக் கடந்துபோகிறார்கள் என்பது என் வருத்தம். பழைய நாளிதழில் 'குடிபோதை, 5 ஷில்லிங்கும் செலவுத் தொகையும்' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, சொற்பத் தண்டனையோடு விட்டுவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறோம். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். நூற்றாண்டின் நடுவில் தொழில் பழகாத கூலியாள் ஒருவருக்கு வாரம் முழுவதும் உழைத்தால் கிடைத்தது ஏறத்தாழ 15 முதல் 20 ஷில்லிங். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அந்தக் கூலியிலிருந்துதான் வாடகையும் நிலக்கரியும் ரொட்டியும். 5 ஷில்லிங் போனால் அந்த வாரக் கூலியில் காலோ மூன்றில் ஒரு பங்கோ போய்விடும். வழக்குச் செலவு அதற்கு மேல். அபராதத்தைத் தவணையில் கட்டும் உரிமையும் அன்று இல்லை. 1865-ஆம் ஆண்டின் சிறு அபராதங்கள் சட்டப்படி, 10 ஷில்லிங்குக்கு மேற்படாத தொகையைக் கட்டத் தவறினால் ஏழு நாள் வரை சிறை. சனிக்கிழமை இரவு கூலியோடு மதுக்கடைக்குப் போய்ப் பிடிபட்டவர், ஞாயிறு நீதிமன்றம் இல்லாததால் திங்கள்வரை கொட்டடியில் கிடந்து, அபராதம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போனால், திரும்பி வரும்போது அவருடைய வேலை இன்னொருவர் கையில் இருக்கும். 1868-இல் திறக்கப்பட்ட ஸ்ட்ரேஞ்வேஸ் சிறையின் பதிவேட்டில் 'ஏழு நாள்' என்று கண்டால், அதை நீதிமன்றம் விதித்த சிறைத் தண்டனை என்று எழுதுவதற்கு முன், கட்ட முடியாத அபராதமா என்று பாருங்கள்.

போலீஸ் கோர்ட்டில் திருடர்களும் குடிகாரர்களும் மட்டுமே கூடினார்கள் என்று எண்ணுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். நகர ஒழுங்குக்கான 1847-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதும்: புகைபோக்கியில் தீப்பிடிக்க விட்டவரும், தெருவில் நின்று கம்பளத்தை உதறியவரும்கூட அபராதத்துக்கு உரியவர்கள். 1870-களில் கட்டாயக் கல்வி வந்த பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் வந்தார்கள். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நின்ற தொழிலாளியும் வந்தார்; 1823-ஆம் ஆண்டின் எசமானர்-வேலையாள் சட்டப்படி அது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் அது வெறும் பண வழக்கு. இந்த அநீதி 1875-இல்தான் நீங்கியது. பஞ்சாலை நகரம் ஒன்றின் குற்றக் கணக்கைப் படிக்கிறவர் இதை மறந்தால், கூலிக்காகப் போராடியவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

பெண்கள் வந்ததும் குற்றவாளிகளாக மட்டும் அல்ல. அடித்த கணவன்மீது புகார் சொல்லவும், என்ன செய்யலாம் என்று மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகக் கேட்கவும் அவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் குழந்தைகளையும் கொடுமையாகத் தாக்கியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. அப்படிப் புகார் கொடுத்த மனைவியே மறுநாள் கூண்டருகே நின்று, 'அவர் நல்லவர்தான், குடித்தால்தான் இப்படி' என்ற பொருளில் பேசி வழக்கைக் கைவிடும் செய்தியைப் பார்க்கும்போது, அவள் முதலில் பொய் சொன்னாள் என்று எழுதிவிடக் கூடாது. ஆறு மாதம் கணவன் உள்ளே இருந்தால் வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. மனைவிக்கு ஜீவனாம்சத்தோடு பிரிந்து வாழ உத்தரவிடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளுக்கு 1878-இல்தான் கிடைத்தது. பல நீதிமன்றங்களில் ஏழைகளுக்கென்று ஓர் உதவிப் பெட்டி இருந்து, அதிலிருந்து சில ஷில்லிங்குகள் வழங்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருட்டு வழக்கையே எடுத்துக்கொண்டாலும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஏஞ்சல் மெடோ, ஆன்கோட்ஸ் போன்ற பகுதிகளில் அறை வாடகைக்கு எடுத்தால் கட்டில், போர்வை, கெட்டில் ஆகியவையும் அறையோடு வரும். வெள்ளிக்கிழமை கையில் காசு இல்லை. போர்வையை அடகுக் கடையில் வைத்துச் சில பென்ஸ் வாங்கி, சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டு, கட்டிலில் மறுபடி விரித்துவிடுவார்கள். கூலி வராத வாரத்தில் வீட்டுக்காரி அறைக்குள் எட்டிப் பார்த்தால் அது திருட்டு வழக்கு. அடகுச் சீட்டே சாட்சி. தைக்கக் கொடுத்த சட்டைத் துணியை அடகு வைத்த தையற்காரிக்கும் இதே கதிதான். இத்தகையவர்களையும் தொழில்முறைத் திருடர்களையும் ஒரே சொல்லால் குறிப்பது பெரிய பிழை. வழக்கைத் தொடுத்தது அரசாங்கம் என்று கொள்வதும் பிழையே. பொது வழக்குத் தொடுநர் என்ற பதவிக்கான சட்டம் 1879-இல்தான் வந்தது. அதன் பிறகும் சில்லறை வழக்குகளைப் பெரும்பாலும் காவலரோ பொருளை இழந்தவரோதான் நடத்தினார்கள். செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி வழக்கே போடாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கணக்குகளைப் பற்றி எச்சரிக்கையாகவே இருங்கள். 1855-க்குப் பிறகு ஜூரி முன் வந்த திருட்டு வழக்குகள் குறைந்தன என்றால், திருட்டு குறைந்தது என்று பொருளாகாது. வழக்குகள் கீழ் நீதிமன்றத்துக்கு இடம் மாறின. குடிபோதைக் கைதுகளின் எண்ணிக்கையோ, மக்கள் எவ்வளவு குடித்தார்கள் என்பதைவிடக் காவல் தலைமை அந்த ஆண்டு என்ன உத்தரவு போட்டது என்பதையே அதிகம் காட்டும். 1862-இல் லண்டனில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை வழியில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தபோது, நாளிதழ்கள் கிளப்பிய பீதியில் காவலர்கள் கெடுபிடியை இறுக்க, பதிவான குற்றங்கள் பெருகின. மறு ஆண்டே கசையடிச் சட்டம் வந்தது. நாளிதழ்ச் செய்தியும் அப்படித்தான்: திங்கட்கிழமை வரிசையாக வந்த பத்துப் பன்னிரண்டு குடிபோதை வழக்குகளை நிருபர் ஒரு வரியில் முடித்துவிட்டு, அயர்லாந்துக்காரர் ஒருவரின் பேச்சு வழக்கைக் கேலியாக எழுத அரைப் பத்தி ஒதுக்குவார். அந்தக் கேலியை நாம் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளில் வரும் 'குற்றவாளி வர்க்கம்' என்ற தொடரை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது நம் வாசகருக்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே காலத்து எண்ணத்தின் கிளைகள். 1871-இல் இங்கிலாந்தில் குற்றத் தடுப்புச் சட்டமும் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்தன. ஆனால் இங்கிலாந்தில் ஒருவரைக் கண்காணிப்பில் வைக்க அவருக்கு முந்தைய தண்டனை இருக்க வேண்டும். இந்தியாவில் பிறப்பே போதுமானதாக இருந்தது, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும். இந்த வேறுபாட்டை அழித்து எழுதுவது இங்கே பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சிறுவர்களின் பதிவுகளைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. 1854-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டப்படி, 16 வயதுக்கு உட்பட்டவரைப் பள்ளிக்கு அனுப்புமுன் குறைந்தது 14 நாள் சிறையில் வைக்க வேண்டும். அதன்பின் பள்ளியில் 2 முதல் 5 ஆண்டு. ஆகவே நிலக்கரித் துண்டுகளையோ சில ஆப்பிள்களையோ எடுத்த பத்து வயதுப் பையனின் பெயருக்கு எதிரே சிறைப் பதிவேட்டில் '14 நாள்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அவன் வீடு திரும்பியபோது அவனுக்கு வயது 15 ஆகியிருக்கக்கூடும்.