ரெகுலேட்டருக்குள் தண்ணீர் புகாமல் இருக்க

ஸ்கூபா மூழ்கலில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரைக் கடல் கெடுப்பதைவிட, கரையேறிக் கழுவும் நம் கைகள் கெடுப்பதே அதிகம் என்பேன். சிலிண்டரிலிருந்து கழற்றியதும் காற்று நுழையும் வாயின் சிறு மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் ஒரு சொட்டு நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்து, மூடியை இறுக்கிய பிறகே நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். சிலர் சிலிண்டர் காற்றைச் சீறவிட்டு உலர்த்துகிறார்கள், அந்தச் சத்தத்தில் காதுதான் அடைக்கும்.

ஊறும்போது பர்ஜ் பட்டனை, அதாவது வாயில் வைக்கும் பகுதியில் காற்றைப் பீய்ச்சவிடும் பொத்தானை, அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறக்கும்; உள்ளே காற்றழுத்தம் இல்லாததால், குழாய் வழியாக நீர் சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலைவரை போய்விடும். சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்துவைத்துக் கழுவினால் இந்தத் தொல்லை இல்லை. நுழைவாயிலில் தெரியும் உலோக வடிகட்டி பச்சை பூத்திருந்தால் ஈரம் ஏற்கெனவே புகுந்துவிட்டது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்காமல் அதோடு மூழ்காதீர்கள்.