எம்.டி.பி.யில் ராமேஸ்வரம் வரை: செய்யக் கூடாத மாற்றங்கள்

காலையில் அழகர்கோவில் ரோட்டில் எம்.டி.பி. (மலைப்பாதைக்கென்று செய்த தடி டயர் சைக்கிள்) ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு நாள் ராமேஸ்வரம் வரை மிதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். மதுரையிலிருந்து 170 கி.மீ. சொச்சம். தாராளமாகப் போகலாம், அதற்கென்று புது ரோடு சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற வண்டியில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதல் செலவு டயருக்குத்தான். எம்.டி.பி.யோடு வரும், மேலெல்லாம் ரப்பர் கட்டிகள் துருத்தி நிற்கும் பட்டன் டயரோடு நான்குவழிச் சாலையில் ஏறினால் 'உர்ர்' என்று ஒரு சத்தம் கூடவே வரும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ரப்பர் கட்டிகள் மடங்கி நிமிர்வதிலேயே போகிறது. 1.5 அங்குல வழவழப்பான டயர் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும்.

ஆனால் அளவைக் கவனியுங்கள். நான் கடையில் "26 ஒன்றரை", அதாவது 26 அங்குலச் சக்கரத்துக்கு ஒன்றரை அங்குல அகல டயர், என்று கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால் ரிம்மில் நிற்கவே இல்லை. காரணம், 26 x 1½ வேறு, 26 x 1.50 வேறு. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றரைதான். பின்னத்தில் எழுதியிருப்பது நம்மூர் சாதா சைக்கிளுக்கு, உள்விட்டம் 584 மி.மீ. புள்ளி வைத்து எழுதியிருப்பது எம்.டி.பி.க்கு, 559 மி.மீ. அதனால் பழைய டயரின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள். 27.5 அங்குலம் என்றால் 584, 29 அங்குலம் என்றால் 622. இந்த 622-தான் ரோடு சைக்கிள்காரர்கள் சொல்லும் 700சி. ஆகவே 29 அங்குல வண்டிக்கு 700சி டயர் உட்காரும்; ரிம் அகலத்துக்கு ரொம்ப ஒல்லியாக மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்து காற்று. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடித்தால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் (1.5 அங்குலம் ஏறத்தாழ அதுதான்) முன்னால் 45, பின்னால் 55 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வரும். ஒல்லி வால்வு வைத்த டியூபும் வேண்டாம். பைக் டியூபில் இருக்கும் அதே வால்வு என்றால் வழியில் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். மானாமதுரை தாண்டினால் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காமல் மாட்டிவிட்டால், உள்ளே ஒடிந்து நிற்கும் அதே முள் புது டியூபையும் குத்தும். இரண்டு டியூப் கையில் இருக்கட்டும்.

நான் ரொம்பக் கவலைப்படுவது ரோடு சைக்கிளில் இருப்பதுபோல வளைந்த ஹேண்டில்பார் மாற்றுகிறவர்களைப் பற்றி. எம்.டி.பி. ஃபிரேம் நேர் ஹேண்டிலுக்காக நீளமாகச் செய்யப்பட்டது. அதில் வளைந்த பார் போட்டால் கை எட்டாமல் முதுகு இழுக்கும். அதைவிட ஆபத்து பிரேக். பல எம்.டி.பி.களில் இருக்கும், இரு நீளக் கைகளால் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்குக்குக் கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும். சாதாரண ரோடு சைக்கிள் பிரேக் லீவர் அவ்வளவு இழுக்காது. சமதரையில் நிற்பதுபோலத் தோன்றும் வண்டி, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வளைவில் நிற்காது. கியர் லீவரும் பெரும்பாலும் பொருந்தாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன என்பதுதான் பிரச்சினையென்றால், நேர் ஹேண்டிலின் இரு முனையிலும் கொம்பு மாதிரி ஒரு பிடி மாட்டுங்கள். கை வைக்க இன்னொரு இடம் கிடைக்கும், செலவும் குறைவு.

முன் ஷாக்கை எடுத்துவிட்டு ரோடு சைக்கிள் ஃபோர்க் போடுவதும் இதே மாதிரிதான். அது உயரம் குறைந்தது. முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் துடிப்பாகி, வளைவில் பெடல் தரையில் தட்டும். ஷாக் அமுங்காமல் பூட்டும் லாக் இருந்தால் பூட்டிவிட்டு ஓட்டுங்கள், போதும்.

கியரைத் தொடாதீர்கள். முன்னால் 42 பல், பின்னால் 11 பல்லில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே 26 அங்குல வண்டி மணிக்கு 36 கி.மீ. போகும். நாள் முழுக்க அந்த வேகத்தில் யார் போகிறோம்? முன்னாலுள்ள சின்ன 22 பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் ஆண்டிபட்டி கணவாய் ஏற்றமும் சேர்ந்து வரும்போது அதன் அருமை தெரியும்.

முதுகுப்பை வேண்டாம். வெயிலில் முதுகு வெந்துவிடும், எடை முழுக்க உட்காருமிடத்தில் இறங்கும். பின் கேரியரில் கட்டுங்கள். மெத்து மெத்தென்ற ஜெல் சீட் கவரும் வேண்டாம்; ஒரு மணி நேரம் சுகம், அப்புறம் உரசல்தான்.

எல்லாம் மாட்டியதும் நேராக ராமேஸ்வரம் கிளம்பிவிடாமல், அதே சுமையோடு அழகர்கோவில் ஒருமுறை போய்வாருங்கள், போகவர 40 கி.மீ. இருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்புண்டு, பின்பக்கம் வலித்தால் உயரமாக. அரை சென்டிமீட்டர் மாற்றி, மறுநாள் காலை திரும்பவும் போய்வாருங்கள்.