நடுநிலை நாடு போருக்குள் வந்ததை மாணவருக்கு நடத்தும் முறை

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் விடுமுறை நாளன்று நூலகத்திலோ பள்ளி வராந்தாவிலோ பத்தாம் வகுப்பு மாணவர்களை உட்கார வைத்து வரலாறு சொல்லித்தரும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரைப் பற்றி, "ஜப்பான் முத்துத் துறைமுகத்தைத் (பேர்ல் ஹார்பர்) தாக்கியது, அமெரிக்கா போரில் இறங்கியது" என்று மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை, ஆனால் விளக்கமும் இல்லை. அதன் இரண்டு பாதிகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை இரண்டு மணி நேரத்தில் புரியவைக்க முடியும். நான் நடத்திப் பார்த்து, தவறிய இடங்களைத் திருத்திக்கொண்ட முறை இது.

ஒரு வாரம் முன்பே ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். 1942க்கு முன்பு பர்மாவிலோ மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவர்கள் தங்கள் குடும்பத்தில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒவ்வொருவரும் கேட்டு வர வேண்டும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்கள் ஏராளம் என்பதால் யாராவது ஒருவர் கட்டாயம் ஏதாவது கொண்டுவருவார். என் அப்பத்தா வீட்டில் ரங்கூனிலிருந்து வந்த தேக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் திரும்பி வந்த கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டு வந்த செய்திகளை வகுப்பின் கடைசிவரை வெளியே எடுக்க வேண்டாம். வகுப்புக்குச் சுவரில் மாட்டும் பெரிய உலகப் படமும், தூரம் காட்ட நாலு முழம் வலைக் கயிறும் போதும்.

தாக்குதலில் தொடங்காதீர்கள். நடுநிலை என்றால் என்ன என்பதில் தொடங்குங்கள். போர் விதிகளை வகுத்த 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகளின்படி, போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கரையில் வளரும் பிள்ளைகளுக்குத் துறை, எல்லை, அனுமதி ஆகியவை அன்றாடச் சொற்கள் என்பதால் இந்த ஒரு விதியே நடுநிலையை விளக்கிவிடும். கடல் எல்லை என்ற பேச்சு வந்ததும் சிலர் தம் வீட்டுத் துயரத்தைச் சொல்லத் தொடங்கலாம். அப்போது மறிக்காமல் கேளுங்கள், பாடம் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

அடுத்து அமெரிக்காவின் நடுநிலை எப்படித் தேய்ந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் "இன்னும் நடுநிலைதானா?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். 1935 முதல் அந்நாடு நடுநிலைச் சட்டங்களை இயற்றி, போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுத்தது. 1939இல் அந்தத் தடை தளர்ந்தது: ரொக்கம் கொடுத்து, தங்கள் கப்பலிலேயே ஏற்றிச் செல்பவர்கள் வாங்கலாம் என்றானது. கடல் பிரிட்டனின் கையில் இருந்ததால் அந்தச் சலுகை நடைமுறையில் ஒரு பக்கத்துக்கே பயன்பட்டது. 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிப் போர்க்கப்பல்கள் (டெஸ்ட்ராயர்) பிரிட்டனுக்குப் போயின. மாற்றாக அமெரிக்காவுக்குப் பிரிட்டனின் பகுதிகளில் தளங்கள் கிடைத்தன. 1941 மார்ச் 11 அன்று கையெழுத்தான கடன்–குத்தகைச் சட்டத்தால் ரொக்கம் கேட்பதும் நின்றது. எந்தப் படியில் கைகள் இறங்குகின்றன என்பதைப் பலகையில் குறித்து வையுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் இறக்க மாட்டார்கள். அதைத் திருத்தவும் வேண்டாம்.

இந்தப் பாடத்தின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது. முன்பு அடி விழுந்தபோது அமெரிக்கா ஏன் போருக்குப் போகவில்லை? 1937 டிசம்பர் 12 அன்று யாங்சி ஆற்றில் பனாய் என்னும் அமெரிக்கப் படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன; ஜப்பான் மன்னிப்புக் கேட்டு, சுமார் 22 லட்சம் டாலர் இழப்பீடும் கொடுத்தது; விவகாரம் முடிந்தது. 1941 அக்டோபர் 31 அன்று வட அட்லாண்டிக்கில் ரூபன் ஜேம்ஸ் என்ற நாசகாரியை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டனர். அப்போதும் போர்ப் பிரகடனம் வரவில்லை. தாக்குதல் மட்டுமே ஒரு நாட்டைப் போருக்குள் இழுத்துவிடும் என்றால் இந்த இரண்டில் ஒன்று போதுமாயிருக்க வேண்டும் அல்லவா? மாணவர்கள் காரணம் தேடட்டும். ஐந்து நிமிடமாவது மௌனமாக இருங்கள்.

ஜப்பானின் நெருக்கடியைச் சொல்ல நம் விசைப்படகு உதவும். டீசல் கொடுப்பவர் இனிமேல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால், இருக்கும் கேன்கள் தீர்வதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 1937 முதல் சீனாவில் போரிட்டுவந்த ஜப்பான், தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடம்தான் வாங்கியது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படைகள் தென் இந்தோசீனாவுக்குள் (இன்றைய தென் வியட்நாம், கம்போடியா பகுதி) புகுந்ததும் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. சீனாவிலிருந்து வெளியேறுவது, அல்லது டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெயைப் பிடிப்பது என்ற இரண்டு வழிகளில் ஜப்பானியத் தலைமை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அந்த வழியில் குறுக்கே வரக்கூடியது பசிபிக் நடுவே ஹவாயில், முத்துத் துறைமுகத்தில் நின்ற அமெரிக்கக் கடற்படை. இதைச் சொல்லும்போது நெருக்கடியை விளக்குவதும் செயலை நியாயப்படுத்துவதும் வேறு வேறு என்பதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்கிறார்கள்.

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை முத்துத் துறைமுகத்தில் நடந்ததை நீட்ட வேண்டாம். திரைப்படம்போல் வருணித்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 350 விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. அமெரிக்கர் 2,403 பேர் இறந்தனர். அவர்களில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள். அன்று காலை 7:02 மணிக்கே ரேடார் திரையில் விமானக் கூட்டம் தெரிந்தும், தாங்கள் எதிர்பார்த்திருந்த சொந்த விமானங்கள் என்று எண்ணி விட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்தபோதும், வந்தது எச்சரிக்கைதான் என்று அறிந்துகொள்ள ஆளில்லை. துறைமுகத்தின் பெயரிலும் சற்று நிற்கலாம். முத்துச் சிப்பிகள் விளைந்த நீர் அது. ஹவாய் மக்கள் அதை 'வாய் மோமி', அதாவது முத்து நீர் என்றார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் பிறகு மறக்காது.

இப்போது பழைய கேள்விக்குத் திரும்புங்கள். இந்த அடிக்கு மட்டும் ஏன் வேறு விளைவு? அடி சொந்த மண்ணில், பெருந்திரளாக விழுந்தது. அதைவிட, வாஷிங்டனில் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாக அறிவிக்கப்படாத நிலையில் விழுந்தது. பேச்சை முடித்துக்கொள்வதாகச் சொன்ன ஜப்பானியக் கடிதம், குண்டு விழத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே கொடுக்கப்பட்டது. போருக்குப் போகலாமா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் பிளவுபட்டிருந்த நாட்டில் அந்த வாதம் ஒரே நாளில் ஓய்ந்தது. மறுநாள் செனட்டில் 82க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 388க்கு 1 என்ற வாக்கில் ஜப்பான்மீது போர் அறிவிக்கப்பட்டது. எதிர்த்து விழுந்த ஒரு வாக்கு, 1917இலும் போரை எதிர்த்து வாக்களித்த ஜெனட் ரேங்கினுடையது. ஜெர்மனியோடும் அன்றே போர் தொடங்கிவிட்டதாகப் பல கையேடுகள் எழுதுகின்றன. அது தவறு, டிசம்பர் 11 அன்று ஜெர்மனியும் இத்தாலியும்தான் முதலில் அமெரிக்காமீது போர் அறிவித்தன.

தாய்லாந்தை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 8 அன்று அந்த நடுநிலை நாட்டிலும் ஜப்பானியப் படை இறங்கியது. சில மணி நேரம் எதிர்த்த தாய்லாந்து, வழிவிட்டு, அம்மாதமே ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்து, 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. திடீர்த் தாக்குதலுக்கு ஆளான நாடு, தாக்கியவனின் பக்கமாகவும் இழுபடலாம். பின்னர் அந்த மண்ணின் வழியாகச் சென்ற சயாம்–பர்மா ரயில் பாதையில் மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

இந்தியாவுக்கு இழுபடும் வாய்ப்பே தரப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களைக் கலக்காமலேயே நாட்டைப் போரில் சேர்த்துவிட்டார்.

கடைசி அரை மணி நேரத்தில் கயிற்றை எடுங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அதை வீசிய விமானங்கள், முத்துத் துறைமுகத்துக்குப் போன ஆறு தாங்கிக் கப்பல்களில் ஐந்திலிருந்து வந்தவை. கொழும்பு தனுஷ்கோடியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான். படத்தில் அந்தத் துண்டைக் கயிற்றால் அளந்து காட்டிய பிறகு, வீட்டிலிருந்து கேட்டு வந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். யார், எந்த ஊரில் இருந்தார், எந்த மாதம் கிளம்பினார், கப்பலிலா நடையாகவா, உடன் வந்தவர்களில் யார் வந்து சேரவில்லை என்ற ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் மாணவர்களின் கையெழுத்திலேயே எழுத வைத்து, சொன்ன பெரியவரின் வயதையும் தேதியையும் அதன் கீழே குறிக்கச் சொல்லுங்கள்.