வெயிலில் விமானம் ஏன் திணறுகிறது? அடர்த்தி உயரத்தைக் கையால் கணக்கிடுவோம்

லடாக்கில் உள்ள லே விமான நிலையத்துக்கு டிக்கெட் தேடிப் பாருங்கள். பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் கிளம்பும் காற்று ஒரு காரணம். இன்னொரு காரணம் வெயில். 10,682 அடி உயரத்தில் ஏற்கெனவே மெலிந்து கிடக்கும் காற்றை அது இன்னும் மெலிய வைத்துவிடும்.

2017 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெப்பம் 49 டிகிரியை நெருங்கும் என்றது வானிலை முன்னறிவிப்பு. அங்கிருந்து பறக்கும் சிறிய ஜெட் விமானங்களுக்குத் தயாரிப்பாளர் வகுத்திருந்த வரம்பு ஏறக்குறைய 48 டிகிரி. அதனால் பல பயணங்கள் ரத்தாயின. விமானங்களில் பழுது எதுவும் இல்லை. காற்றில்தான் போதிய கனம் இல்லை.

விமானம் எவ்வளவு நன்றாகப் பறக்கும் என்று கேட்டால் புதிதாகப் படிப்பவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எஞ்சின் எரிக்கும் காற்று, புரொப்பல்லர் பின்னே தள்ளும் காற்று, இறக்கையைத் தூக்கும் காற்று மூன்றும் ஒன்றுதான். அது மெலிந்தால் மூன்றும் சேர்ந்தே குறையும். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை, எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்று ஒரே எண்ணில் சொல்வதுதான் அடர்த்தி உயரம். பேனா, தாள் இருந்தால் போதும்.

படி 1: அழுத்த உயரம்

கடல் மட்டத்தில் திட்ட அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். அதிலிருந்து அன்றைய க்யூஎன்எச் அளவை, அதாவது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் அந்த இடத்தின் காற்றழுத்தத்தை, கழியுங்கள். கிடைப்பதை 30 ஆல் பெருக்கி, விமானத்தளத்தின் உயரத்தோடு கூட்டுங்கள்.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறக்குறைய 3,000 அடி. ஏப்ரல் மாதப் பிற்பகல், வெப்பம் 35 டிகிரி, க்யூஎன்எச் 1008 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5, முப்பதால் பெருக்கினால் 150. ஆக அழுத்த உயரம் 3,150 அடி.

படி 2: அந்த உயரத்துக்கு உரிய வெப்பம்

திட்டக் கணக்கில் கடல் மட்ட வெப்பம் 15 டிகிரி. மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். 3,150 அடிக்கு 6.3 குறைந்து 8.7 டிகிரி இருக்க வேண்டும். இருப்பதோ 35. அதாவது 26.3 டிகிரி கூடுதல்.

படி 3: அடர்த்தி உயரம்

கூடுதலாக உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி. 26.3 × 120 = 3,156. அழுத்த உயரத்தோடு கூட்டினால் ஏறத்தாழ 6,300 அடி.

பெங்களூரில் தரையில் நிற்கும் விமானத்துக்கு 6,300 அடியில் கிடைக்கும் காற்றுதான் கிடைக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தரும் கருவி) இல்லாத சிறிய எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும். அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்கு கிளம்பும் முன்பே போய்விட்டது.

இதே கணக்கை லேவுக்குப் போடுங்கள். வெப்பம் 25 டிகிரி, அழுத்தம் திட்ட அளவில் இருப்பதாகக் கொண்டால் விடை 14,450 அடி வரும். பறக்கக் கற்பவர்களுக்கு நன்கு தெரிந்த செஸ்னா 172எஸ் விமானத்தின் உச்ச வரம்பு 14,000 அடி. முழு எடையில் அதற்கு மேலே நிமிடத்துக்கு 100 அடிகூட அதனால் ஏற முடியாது. லேயின் ஓடுபாதையில் சக்கரம் ஊன்றி நிற்கும்போதே அந்த விமானம் தன் எல்லையைக் கடந்துவிட்டிருக்கும். காலையில் 5 டிகிரி இருந்தால் அதே இடத்தில் விடை 12,050 தான்.

ஈரப்பதத்தையும் மறக்காதீர்கள். ஈரக் காற்று கனமானது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. புழுக்கமான நாளில் கணக்கில் வந்ததற்கு மேல் சில நூறு அடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எடை

172எஸ் புறப்படும்போது அதிகபட்சம் 1,157 கிலோ இருக்கலாம். வெற்று எடை சுமார் 750 கிலோ, டேங்க் நிறைய எரிபொருள் 144 கிலோ. மீதி 263 கிலோ. நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பெரியவர்களை ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு 75 கிலோ என்றாலே 300 ஆகிவிடும். யாராவது ஒருவர் இறங்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைக்க வேண்டும். எடை பத்து சதவீதம் கூடினால் புறப்பாட்டுத் தூரம் இருபது சதவீதம் கூடும்.

படி 5: தூரத்தைப் பெருக்குங்கள்

172எஸ் கையேட்டின்படி, கடல் மட்டத்தில் 15 டிகிரியில், முழு எடையோடு 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,630 அடி வேண்டும். உங்கள் விமானத்தின் கையேட்டு அட்டவணைதான் இறுதியானது. ஆனால் மனக்கணக்குக்கு பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்லும் பெருக்கல்கள் மிக உதவும்: உயரம் ஆயிரம் அடி கூடினால் 10 சதவீதம், வெப்பம் 10 டிகிரி கூடினால் 10 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

பெங்களூர் உயரத்துக்கு 1,630 என்பது 2,170 ஆகிறது. 26 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு 2,780. இனி காற்று. மேலெழும் வேகத்தில், அதாவது தரையை விட்டு எழும் 55 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில், பத்தில் ஒரு பங்கு, வெறும் 5 நாட் பின்காற்று இருந்தால் 20 சதவீதம்: 3,340. அதற்கு மேல் பாதுகாப்புக்காக 1.33 ஆல் பெருக்கச் சொல்கிறார்கள்: 4,440 அடி. 1,630 இல் தொடங்கிய கணக்கு இது! ஓடுபாதையின் மறுமுனைக்குப் போய் எதிர்க்காற்றில் கிளம்பினால் அந்த 20 சதவீதம் காசு செலவில்லாமல் மிச்சம். ஈரப் புல் தளமாக இருந்தால் இன்னும் 30 சதவீதம் கூடும்.

படி 6: ஓடுபாதையில்

அழுத்த உயரம் 3,000 அடியைத் தாண்டினால், எஞ்சின் உச்சச் சுழற்சிக்கு வரும் வரை எரிபொருள் கலவையை மெலிதாக்க, அதாவது அதில் எரிபொருளின் பங்கைக் குறைக்கச் சொல்கிறது கையேடு. இதைச் செய்யாமல் கிளம்புவது, இருக்கிற கொஞ்ச சக்தியையும் வீணாக்குவது.

வேகமானி காட்டும் 55 நாட்டில்தான் எப்போதும்போல மூக்கைத் தூக்க வேண்டும். ஆனால் மெலிந்த காற்றில் உண்மை வேகம் 60 நாட் ஆகியிருக்கும். மரங்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடி வரும், ஓடுபாதை தீர்ந்துவிடும்போலத் தோன்றும். கை தானாகவே பின்னுக்கு இழுக்கும். இழுக்காதீர்கள். தரையை ஒட்டி, இறக்கை நீள உயரத்துக்குள் இழுவை குறைவாக இருப்பதால் விமானம் சீக்கிரம் மிதந்துவிடும். அதற்கு மேல் ஏற வேகம் இருக்காது. எழும்பியும் ஏற முடியாமல் வேலியை நோக்கிப் போகும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

கிளம்பும் முன் ஓடுபாதையின் நடுப்பகுதியில் ஒரு அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பலகை, டாக்சிவே எனப்படும் இணைப்புப் பாதையின் திருப்பம், எதுவானாலும் சரி. அங்கே வரும்போது மேலெழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட்டுக்கு அது 39. முள் அதற்குக் கீழே நின்றால் யோசிக்க வேண்டாம். எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடுங்கள், பிரேக்கை அழுத்துங்கள், நிறுத்திவிட்டு வெயில் தாழ்ந்ததும் மறுபடி கணக்குப் போடுங்கள்.