ஒரே குளக்கரை, தினமும் கால் மணி நேரம்

குமரி மாவட்டத்துக்காரர்கள் நாம் லீவு கிடைத்தால் திற்பரப்பு அருவியிலோ காளிகேசத்து ஆற்றிலோ ஒரு குளியல் போட்டுவிட்டு வருகிறோம். தப்பில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற ஆளோடு என்ன நெருக்கம் வந்துவிடும்? இயற்கையோடு பழகுவதும் அப்படித்தான். அடிக்கடி போகணும், ஒரே இடத்துக்குப் போகணும்.

1. இடம் பிடியுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கட்டும். குளக்கரை, ரப்பர் தோட்டம், மணக்குடிக் காயலோரம், எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், நிற்கும் ஒரு மூடு அயனி மரம் போதும். எனக்கு வாய்த்தது தேரூர்க் குளக்கரை. 2022-ல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக இங்கேதான் வரணும் என்றில்லை, பெயரில்லாத குளமும் இந்த வேலைக்குப் போதும்.

2. கால் மணி நேரம் சும்மா இருங்கள். காலையோ மாலையோ, நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஐந்தாவது நிமிஷத்தில் போரடிக்கும். அப்போது காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று கவனியுங்கள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, முதுகில் அடிக்கும். மார்கழியில் காற்று முகத்துப் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் காற்றுதான் முதல் பாடம்.

3. முதல் மாதம் போன் பைக்குள். மெர்லின் செயலி குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடும். நல்ல செயலிதான். ஆனால் பெயர் கிடைத்ததும் கண் அடுத்த பறவைக்குத் தாவிவிடுகிறது. பெயர் தெரியாத வரைக்கும்தான் நாம் ஒழுங்காகப் பார்க்கிறோம்.

4. நோட்டில் மூன்று வரி. தேதி, காற்று, புதிதாகக் கண்ட ஒன்று. தமிழ் மாதத்தையும் எழுதுங்கள். இங்கே வயல் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கன்னியில், அதாவது புரட்டாசியில், அறுக்கும் நெல் போகம் கன்னிப்பூ. கும்பத்தில், அதாவது மாசியில், அறுப்பது கும்பப்பூ. உழவு நாளில் கொக்குகள் டிராக்டருக்குப் பின்னால் நடக்கும். அறுப்பு முடிந்தால் கூட்டமே மாறிவிடும்.

என் நோட்டில் ஒரு கூத்து நடந்தது. தாமரை இலைமேல் நடக்கும், நீளக் கறுப்பு வாலுள்ள பறவையை ஓரிடத்தில் எழுதியிருந்தேன். சில மாதம் கழித்து, அதே இலைகளில் வாலில்லாத வேறொரு பறவை என்று எழுதினேன். இரண்டும் ஒன்றுதான், இலைக்கோழி. இனப்பெருக்க காலம் முடிந்தால் அந்த நீள வால் உதிர்ந்துவிடும். முட்டையை அடைகாப்பது ஆண் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாள் மட்டும் வந்து போயிருந்தால் இந்தத் தப்பைச் செய்யக்கூட வாய்ப்பிருந்திருக்காது.

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் போதும். டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டி, அப்புறம் செம்பழுப்பாகத் தளிர் வரும். ஒரு தளிரைப் பிடித்து, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சின்னச் சுரப்பிகளில் மதுரம் கசியும். ரப்பர் தோட்டத்துத் தேனீ பெரும்பாலும் பூவை நம்பி இல்லை, இந்தக் காம்பை நம்பித்தான் இருக்கிறது. தேன் பெட்டிகள் அந்தச் சமயத்தில் தோட்டத்துக்கு வருவதும் அதனால்தான்.

5. கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒரு நாள் தவறினால் விட்டுவிடுங்கள், மறுநாள் போனால் போதும். என் கரையில் மாடு மேய்க்கும் பாட்டா ஒருவர் உண்டு. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பியபோது, “எங்க மக்கா ஆளக் காணல? நேத்து மேக்க வயல்ல உழுதானுவ, வெள்ளையா கொக்கு” என்றார். நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ‘பாட்டா பார்த்தது’ என்று எழுதிக்கொண்டேன்.